தோட்டத்து எல்லைக் கல்லும் ஊராட்சி மன்றமும்



குப்பை வண்டி, சாக்கடை, தெருவிளக்கு, சந்தைக்கூடம், விளையாட்டுத் திடல், இடுகாடு, கொசு ஒழிப்பு. இவற்றை யார் கவனிக்கவேண்டும் என்று பட்டணத்தில் பிறந்த ஒருவரைக் கேட்டால், "நகராண்மைக் கழகம்" என்பார். தோட்டத்தில் பிறந்த ஒரு முதியவரைக் கேட்டால், "நிர்வாகம்" என்பார். "கிராணியாரிடம் சொன்னால் துரையிடம் சொல்வார்" என்றும் சேர்த்துக்கொள்வார். ஒரே நாட்டில், சில மைல் இடைவெளியில் வாழ்ந்தவர்கள் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் சொல்வது ஏன்? அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

ஊராட்சிச் சேவை எல்லா மக்களுக்கும் சமமாகக் கிடைக்கவேண்டும் என்று நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். நல்ல சொல்தான். ஆனால், அந்தச் சமத்துவம் எங்கே தடைப்பட்டது என்று தெரியாமல் அதைத் தேடுவது, தொலைத்த இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் தேடுவது போலாகும்.

பட்டணத்தில் பிறந்த ஊராட்சி

மலாயாவில் ஊராட்சி முதலில் தோன்றிய இடம் பினாங்கு. ஜார்ஜ் டவுனில் சாலை, சாக்கடை வேலைகளுக்கு வேண்டிய வரியைக் கணக்கிட 1800-ஆம் ஆண்டில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1857-இல், வரி கட்டுவோர் தங்கள் பிரதிநிதிகள் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வந்தது. 1913-இல் அந்த உரிமை எடுக்கப்பட்டது. அதன் பிறகு உறுப்பினர்கள் எல்லாரும் நியமனம் பெற்றவர்களே.

கோலாலம்பூரில் 1890-இல் 'சானிட்டரி போர்டு' என்ற சுகாதாரக் கழகம் தொடங்கியது. அது இன்றைய மாநகர் மன்றத்தின் மூதாதை. பல இனத்தார் வாழும் ஊர் என்பதால் வெள்ளைக்கார அதிகாரிகளோடு உள்ளூர்ச் சமூகத் தலைவர்களும் அதில் இடம்பெற்றனர். நம்மவரான கே. தம்புசாமிப் பிள்ளை அவர்களும் அதில் உறுப்பினராக இருந்தார். வெவ்வேறு சமூகங்கள் வாழும் இடத்தில் மன்றத்திலும் வெவ்வேறு சமூகத்தின் குரல் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது என்பதை இது காட்டுகிறது. ஆனால், அந்த நாற்காலிகளில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் வணிகர்களும் செல்வந்தர்களுமே. அதே பட்டணங்களின் தெருவைக் கூட்டியவர்களிலும், சாக்கடை அள்ளியவர்களிலும், சாலைக்குக் கல் உடைத்தவர்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களுடைய கை மன்றத்துக்குப் பயன்பட்டது; அவர்களுடைய குரலுக்கு அங்கே இடம் இல்லை.

கிள்ளானில் நடந்த கதை

பட்டணத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே விழுந்த கோடு எத்தகையது என்பதைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு போதும். அது கிள்ளான்.

1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் அழைப்பது அதுவே. திறந்த உடனே துறைமுகத்தில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. தொழிலாளர்களும் அதிகாரிகளும் வீழ்ந்தார்கள். கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதை மருத்துவ உலகம் அறிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பட்டணத்தையும் துறைமுகத்தையும் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கவும், காட்டை வெட்டித் திருத்தவும் வாட்சன் ஆலோசனை சொன்னார். அரசாங்கம் பணம் ஒதுக்கியது, வேலை நடந்தது.

பலன் என்ன? கிள்ளான் பட்டணத்திலும் துறைமுகத்திலும் 1901-இல் இறந்தவர்கள் 582 பேர். 1902-இல் அந்த எண்ணிக்கை 144 ஆகக் குறைந்தது. 1905-இல் 113 ஆயிற்று. அதே மாவட்டத்தில், வாய்க்கால் வெட்டப்படாத பகுதிகளில் நிலை என்ன? 1901-இல் 266 பேர் இறந்தனர். 1905-இல் 351 பேர் இறந்தனர். ரப்பர்த் தோட்டங்கள் பெருகி, கப்பலில் வந்த ஆட்கள் அங்கே நிறைந்தார்கள் என்பதும் இந்த உயர்வுக்கு ஒரு காரணம்தான். ஆனாலும் ஒரே மாவட்டம், ஒரே மழை, ஒரே காய்ச்சல் என்றிருந்தும், வாய்க்கால் எங்கே நின்றதோ அங்கேதான் உயிர் காக்கும் முயற்சியும் நின்றது என்பதை யார் மறுக்க முடியும்? வாட்சன் இதை நன்றாக உணர்ந்தவர். பின்னாளில் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களுக்கே மருத்துவராகி, அங்கும் கொசு ஒழிப்பு வேலையைக் கொண்டுசென்றார். கொசுவுக்கு எல்லைக் கல் தெரியாது. வாய்க்கால் வெட்டும் பணத்துக்கு மட்டும் அது தெரிந்திருந்தது.

தோட்டம் என்ற தனி அரசு

தோட்டத்தை அரசாங்கம் அடியோடு மறந்துவிட்டது என்று சொன்னால் அது சரியாகாது. சட்டங்கள் வந்தன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், குடியிருப்பு, குடிதண்ணீர், மருத்துவம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் கடமை ஆக்கியது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்கவும் வழி செய்தது. நம்முடைய தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்தச் சட்டத்தின் பயனாகப் பிறந்தவை. சுதந்திரம் பெற்ற பிறகு, 1966-இல், தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தர நிர்ணயச் சட்டம் வந்தது. அதன் கீழும் வீடு, தண்ணீர், பிள்ளைக் கொட்டகை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பாகவே நீடித்தன. 1990-இல் இச்சட்டம் புதிதாக எழுதப்பட்டது. பின்னர் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2020 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டங்களால் நன்மை விளைந்தது உண்மை. ஆனால், அவை ஒரு பழக்கத்தையும் ஊன்றிவிட்டன. தோட்டம் தனியார் நிலம். அங்கே செய்யவேண்டியதை முதலாளி செய்வார். பொதுமக்கள் பணத்தை அங்கே செலவிடுவதற்கில்லை என்பதே அந்தப் பழக்கம். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். வேலை கொடுப்பவரும் அவரே, வீடு கொடுப்பவரும் அவரே, விளக்குப் போடுபவரும் அவரே. பட்டணத்துக்காரர் சாக்கடை அடைத்துக்கொண்டால் தாம் வரி கட்டும் மன்றத்தின்மீது குறை சொல்லலாம். அதனால் அவருடைய வேலை போகாது. தோட்டத் தொழிலாளி லயத்துச் சாக்கடையைப் பற்றிக் குறை சொன்னால், மறுநாள் பிரட்டுக்களத்தில் அதே நிர்வாகத்தின் முன்புதான் நிற்கவேண்டும். நல்ல துரை இருந்த தோட்டத்தில் நல்ல வசதி இருந்தது; இல்லாத தோட்டத்தில் இல்லை. தொழிற்சங்கம் வலுப்பெற்ற பிறகே பல தோட்டங்களில் துணிந்து கேட்க வழி பிறந்தது. சேவை என்பது உரிமையாக வராமல், தயவாக வந்தது என்பதே இதன் சாரம்.

புதுக்கிராமமும் லயமும்

1948-இல் அவசரகாலம் தொடங்கியது. 1950 முதல், காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் கட்டாயமாகக் குடியேற்றப்பட்டனர். அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. தோட்டத் தொழிலாளர்களும் அப்படியே ஓரிடத்தில் கூட்டி வைக்கப்பட்டு வேலி போடப்பட்டார்கள். அந்த வேலியையும் ஊரடங்கையும் நம் பெரியவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஆனால், பிறகு இரு சாராரின் பாதையும் பிரிந்தது. 1952-ஆம் ஆண்டின் ஊர் மன்றச் சட்டத்தின் கீழ், பல புதுக்கிராமங்களுக்கு மக்களே தேர்ந்தெடுத்த மன்றங்கள் கிடைத்தன. வரி வசூலித்து, தெரு போட்டு, விளக்கு வைக்கும் பொறுப்பு அவர்கள் கைக்கு வந்தது. தோட்டத்து லயத்துக்கு அப்படியொரு மன்றம் வரவில்லை. அது தனியார் நிலம் அன்றோ!

அதே காலத்தில் பட்டணங்களிலும் தேர்தல் வந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் வாக்களிப்பு நடந்தது. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1955-இல்தான் நடந்தது. ஆகவே, இந்த நாட்டு மக்கள் வாக்குச்சீட்டைக் கையில் பிடித்துப் பழகியது ஊராட்சித் தேர்தலில்தான் எனலாம். 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரமானது. அதன் முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர். பினாங்கில் அவர் பெயரில் ஒரு சாலை இன்றும் இருக்கிறது. பல இன மக்கள் வாழ்ந்த, சீனர் பெருவாரியாக இருந்த ஒரு நகரில் தமிழர் ஒருவர் மேயரானார் என்பது சாதாரணச் செய்தி அன்று. வாய்ப்புக் கிடைத்த இடத்தில் நம்மவர்கள் பொதுமக்கள் எல்லாருக்குமாக உழைக்கத் தகுதி பெற்றிருந்தார்கள் என்பதற்கு அது சான்று. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் களமே அமையவில்லை.

தேர்தல் நின்ற கதை

1963-இல் நடந்ததே கடைசி ஊராட்சித் தேர்தல். இந்தோனேசியாவுடன் பகைமை நிலவிய வேளையில், 1965 மார்ச்சில், அவசரகால விதியின் கீழ் இத்தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அந்த ஆண்டிலேயே ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன் என்ற தமிழ் வழக்கறிஞர். அப்போது தீபகற்பத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிறிதும் பெரிதுமான ஊராட்சி மன்றங்கள் இருந்தன. சிலவற்றுக்கு வருமானம் இல்லை. சிலவற்றில் ஒழுங்கு இல்லை. ஆணையம் இவற்றையெல்லாம் ஆராய்ந்து, 1968 டிசம்பரில் அறிக்கை தந்தது. குறைகள் இருந்தாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை தொடரவேண்டும் என்பதே அதன் பரிந்துரை.

அரசாங்கம் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1973-இல் தற்காலிகச் சட்டமும், 1976-இல் ஊராட்சி மன்றச் சட்டமும் வந்தன. சிறிய மன்றங்கள் ஒன்றிணைக்கப்பட்டன. நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் என்ற அமைப்பு உருவாயிற்று. தேர்தல் முடிவுக்கு வந்தது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியபோதும், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.

மன்றங்களின் எல்லை இப்படி விரிந்தபோது, பல தோட்டங்கள் வரைபடத்தில் மன்ற எல்லைக்குள் வந்தன. ஆயினும், தனியார் நிலம் என்ற பழைய பழக்கம் எளிதில் மாறவில்லை. குப்பை வண்டி தோட்டத்து முச்சந்தி வரை வந்து திரும்பிய காலத்தை நம்மில் பலர் அறிவோம்.

எல்லைக் கல் பிடுங்கப்பட்டபோது

சுதந்திரத்துக்கு முன்பின்னாகப் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துண்டாடலின் துயரத்தைக் கண்டுதான், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். அதன் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1995-இல் கட்டுமானம் தொடங்கிய புத்ராஜெயா எழுந்த நிலம்கூட முன்பு பிராங் பெசார் முதலிய ரப்பர்த் தோட்டங்களாக இருந்ததே. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன.

இங்கேதான் அந்தப் பழைய கோட்டின் முழு விலையும் தெரிந்தது. தோட்டம் விற்கப்பட்டால் வேலை மட்டும் போகவில்லை. வீடு, விளக்கு, தண்ணீர், மருந்தகம், திடல் எல்லாம் நிர்வாகத்தோடு சேர்ந்து போயின. மூன்று தலைமுறை ஒரே இடத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு, அந்த இடத்தின் ஊராட்சி மன்றத்தில் வரி கட்டிய இரசீதும் இல்லை, வீட்டெண்ணும் இல்லை. பட்டணத்து ஓரத்தில் பலகை வீடு கட்டிக் குடியேறியவர்கள் 'புறம்போக்கு வாசிகள்' ஆனார்கள். கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் நிலப் பத்திரம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. யாரும் அவர்களை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்குச் சேவை தானாகவே கிடைக்காமல் போகிறது, அவ்வளவுதான்.

சமம் என்றால் என்ன?

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. எல்லாருக்கும் ஒரே விதி என்று எழுதிவைப்பது மட்டும் சமத்துவம் ஆகாது. அந்த விதி எந்த வாசலில் நின்றுவிடுகிறது என்று பார்ப்பதே சமத்துவம். மொழி தெரியாத பாட்டிக்கு முகப்பில் பொறுமையாக விளக்குவதும், சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் கட்டுவதும், இறந்தவரை எரிக்கும் வழக்கமுள்ளவர்களுக்குச் சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்குவதும் சலுகை அல்ல. வெவ்வேறு மக்கள் வாழும் ஊரில் சேவை எல்லாரையும் சென்றடைய அவைதாம் வழி. மாற்றுத் திறனாளிகள் பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையை 2008-ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 8-ஆவது விதி, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. அவ்விதியில் ஆண், பெண் என்ற வேறுபாடு காட்டலாகாது என்பது 2001-இல் சேர்க்கப்பட்டது.

1976-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நமக்குப் பயன்படும் செய்திகள் உண்டு. ஒரு மன்றத்தில் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்திலேயே வாழ்பவர்களாக இருக்கவேண்டும். யாரை நியமிக்கலாம்? ஊராட்சி அனுபவம் உடையவர்களை நியமிக்கலாம். தொழிலிலோ வணிகத்திலோ சிறந்து விளங்குபவர்களை நியமிக்கலாம். தம் சமூகத்தின் நலனை எடுத்துச்சொல்ல வல்லவர்களையும் நியமிக்கலாம். மூன்றாவதாகச் சொன்னதைக் கவனியுங்கள். அதற்குப் பட்டமோ பணமோ தேவையில்லை. பால் வெட்டிய கையும் அந்த நாற்காலிக்குத் தகுதியானதே. பெண்களும் அதற்குத் தகுதியானவர்களே.

வீட்டு மதிப்பீட்டு வரி கூடியதாகத் தோன்றினால், குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. வரிக் கடிதம் வந்ததும் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடும் பழக்கத்தை நாம் விடவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. நம் வீடு எந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது, நம் வட்டாரத்துக்குப் பொறுப்பான உறுப்பினர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். குறையை வாயால் சொல்லி நிறுத்தாமல், தேதியிட்டுக் கடிதமாக எழுதி, ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். தனியாக ஒருவர் எழுதுவதைவிட, லயத்தார் எல்லாரும், அல்லது கோயில் நிர்வாகக் குழுவும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் சேர்ந்து எழுதுவது நன்று. அண்டை வீட்டு மலாய்க்காரரும் சீனரும் அதே சாக்கடையால்தான் துன்பப்படுகிறார்கள் என்றால், அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதுவது இன்னும் நன்று. இன்னும் தோட்டத்திலேயே வாழ்கிறவர்கள், எது நிர்வாகத்தின் கடமை, எது மன்றத்தின் கடமை என்று இரு தரப்பாரையும் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பித்துக்கொள்ள அப்போது இடமிராது.

நம் பாட்டன்மார் இந்த நாட்டின் பட்டணங்களுக்குச் சாலை போட்டார்கள், சாக்கடை வெட்டினார்கள். அந்தச் சாலையும் சாக்கடையும் தங்கள் வாசலுக்கு வரவேண்டும் என்று கேட்க அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்போம். நாமும் கேட்கப் பழகுவோம்.